இவன் நமக்கு வேண்டிய பிள்ளை

விடுமுறைக் கால ஞானோபதேசம்: குடும்பத்தார் கூடியிருந்து வாசிக்க



அரைப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் அடைத்தாயிற்று. தெருவுக்குத் தெரு பிள்ளைகள் குடில் கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் வைக்கோல் சுமந்து வருகிறான். ஒருவன் மூங்கில் பிளக்கிறான். ஒருத்தி வர்ணக் காகிதத்தில் நட்சத்திரம் ஒட்டுகிறாள். கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆயினும் சற்று நின்று பார்த்தால், அந்தக் கூட்டத்திற்கு நாலடி தள்ளி ஒரு பிள்ளை தனியே நிற்பதையும் சில இடங்களில் காணலாம். அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. திக்கிப் பேசுகிறான் என்றோ, பருத்த உடம்பு என்றோ, தகப்பன் குடிக்கிறவன் என்றோ ஏதாவது ஒரு காரணம். அவன் கொண்டுவந்த வைக்கோலை வாங்கிக்கொள்வார்கள். அவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். சத்திரத்தில் இடமில்லாமற்போன பாலனுக்காகக் குடில் கட்டும் இடத்திலேயே ஒரு பிள்ளைக்கு இடமில்லை!

"பிள்ளைகள் சண்டைதானே, விடிந்தால் சேர்ந்துகொள்வார்கள்" என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். சரிக்குச் சரியான இருவர் மூட்டுகிற சண்டை அப்படியே தீர்ந்துபோகும் என்பது மெய்தான். ஆனால் பலர் கூடி ஒருவனை, அல்லது பலசாலி ஒருவன் எளியவனை, நாள் தவறாமல் பரிகசித்தும் கிள்ளியும் தள்ளியும் வருவது சண்டையல்ல, கொடுமை. அது விடிந்தாலும் தீராது. இக்காலத்திலோ அது பள்ளிக்கூட வாசலோடு நிற்பதுமில்லை. கைப்பேசியிலே குழு சேர்த்து, ஒரு பிள்ளையின் படத்தைப் போட்டுச் சிரிப்பதால், அக்கொடுமை அவன் படுக்கைவரை பின்தொடர்ந்து வருகிறது.

இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்க கதையொன்றை இங்கே தருகிறேன். இது கட்டுக்கதையன்று. அர்ச்சியசிஷ்ட தொன் போஸ்கோ தம் வாழ்நாளின் நினைவுகளைத் தம் கையாலேயே எழுதிவைத்தார். அவர் எழுதியவைதாம் இக்கதையின் பெரும் பகுதி. 9 வயதிலும், 19 வயதிலும், 26 வயதிலும் அவருக்கு நேர்ந்த மூன்று சம்பவங்கள் இவை. ஒரே பாடத்தை அவர் எப்படிப் படிப்படியாகக் கற்றுக்கொண்டார் என்பதைக் கவனித்துக் கேளுங்கள்.

முதற் பாகம்: 9 வயது

இத்தாலி தேசத்தின் வடமேற்கே, பியெமோந்து நாட்டுப்புறத்தில், பெக்கி என்றொரு குக்கிராமம் உண்டு. அங்கே ஏழைக் குடியானவர் வீட்டில் 1815-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி ஜான் போஸ்கோ பிறந்தார். அவருக்கு இரண்டு வயது நிரம்புமுன், 1817-ல், தகப்பனார் காய்ச்சலால் இறந்துபோனார். தாயார் மார்கரீத்தம்மாள் தாம் பெற்ற சூசை, ஜான் என்னும் இருவரையும், கணவரின் மூத்த தாரத்து மகனாகிய அந்தோனியையும், வயது சென்ற மாமியாரையும் காப்பாற்றும் பாரத்தைத் தன்னந்தனியாய்ச் சுமந்தார்கள்.

ஜானுக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு கனவு கண்டார். ஒரு வெளியில் பிள்ளைகள் பெருங்கூட்டமாய் விளையாடுகிறார்கள். அவர்களிற் பலர் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள். ஜானுக்குக் கோபம் மூண்டு, கூட்டத்துக்குள் பாய்ந்து, கைமுட்டியால் குத்தி அவர்கள் வாயை அடக்கப் பார்க்கிறார். அப்பொழுது மகிமையான ஒருவர் தோன்றி, குத்தினாலும் அடியினாலும் அல்ல, சாந்தத்தினாலும் அன்பினாலுமே இவர்களை உன் நண்பர்களாக்கிக்கொள்ள வேண்டும் என்று போதிக்கிறார். கனவு கலைந்தது. அதன் பொருள் சிறுவனுக்கு விளங்கவில்லை.

வெளியிலே பிள்ளைகளை அடிக்கக் கனவு கண்ட ஜானுக்கு, வீட்டிலே அடி காத்திருந்தது. அண்ணன் அந்தோனிக்குத் தம்பி புத்தகம் படிப்பது பிடிக்கவே இல்லை. புத்தகமே தொடாமல் நான் இவ்வளவு பெரியவனாக வளரவில்லையா என்று ஒருநாள் அவன் இடித்துப் பேசினான். நம் வீட்டுக் கழுதை உன்னைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கிறதே, அதுவும் பள்ளிக்கூடம் போனதில்லையே என்று ஜான் திருப்பிச் சொன்னான். கதை கேட்கும் பிள்ளைகள் இங்கே சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் அந்தக் குறும்புப் பதிலுக்கு வந்த அடிகளிலிருந்து ஜானைத் தப்புவித்தவை அவன் கால்களே என்பதையும் சொல்லுங்கள். கடைசியில், 1828-ம் ஆண்டு பெப்ருவரி மாதக் குளிரில், பன்னிரண்டு வயது மகனைத் துணி மூட்டையோடு வேலை தேடி அனுப்பவேண்டிய கதி தாய்க்கு நேர்ந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷகாலம் அவன் பிறர் பண்ணையில் மாடு மேய்த்தான்.

அந்தோனியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மூன்று வயதில் பெற்ற தாயை இழந்தவன். ஒன்பது வயதில் தகப்பனையும் இழந்தவன். சிறு வயதிலேயே மண்வெட்டி பிடித்தவன். அவன் செய்தது நியாயமென்று சொல்ல வரவில்லை. ஆனால் பிறரை நோகச் செய்கிற பிள்ளையின் உள்ளேயும் ஆறாத புண் ஒன்று இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிப்பது பெரியவர்களின் கடமை.

இரண்டாம் பாகம்: 19 வயது

ஜான் வாலிபரானார். கியேரி பட்டணத்துப் பள்ளியில் சேர்ந்து படித்தார். இரும்பு போன்ற உடல். கழைக்கூத்தாடியைப்போல வித்தை காட்டவும் தெரியும். அதே பள்ளிக்கு சின்சானோ என்ற ஊரிலிருந்து லூயிஜி கொமோல்லோ என்னும் மாணவர் வந்துசேர்ந்தார். லூயிஜி என்பது நம் ஊரில் ஞானப்பிரகாசம் என்று வைக்கிற பெயர்தான். பெயருக்கேற்ற அமைதியான பிள்ளை.

ஒருநாள் ஆசிரியர் வருமுன், வகுப்பிலே பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் ஏறித் தாண்டிக் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முரட்டுப் பையன் கொமோல்லோவையும் வந்து சேரச் சொன்னான். எனக்கு அந்த விளையாட்டு வராது என்று கொமோல்லோ பணிவாய் மறுக்க, அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அறைபட்டவர் அறைந்தவனைவிட வயதிலும் பலத்திலும் பெரியவர். ஆகையால் திருப்பி ஒன்று கொடுப்பார் என்றுதான் ஜான் எதிர்பார்த்தார். கொமோல்லோவோ சிவந்த முகத்தோடு நின்று, உனக்குத் திருப்தியானால் சமாதானமாய்ப் போ, நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்ற கருத்தில் பேசினார். அன்றுமுதல் ஜானுக்கு அவர் உயிர் நண்பரானார்.

ஆனால் பரிகாசம் நின்றபாடில்லை. வேறொரு நாள் சில முரடர்கள் கொமோல்லோவையும், அவரைப்போன்ற இன்னொரு சாதுப் பிள்ளையையும் சூழ்ந்துகொண்டார்கள். ஜான் குறுக்கே நின்று எச்சரித்தார், கேட்கவில்லை. கொமோல்லோவின் கன்னத்தில் மறுபடியும் அறை விழுந்தது. ஜானுக்கு இரத்தம் கொதித்தது. தடியோ நாற்காலியோ கைக்கு எட்டாததால், பக்கத்தில் நின்ற ஒருவனையே தோளில் பிடித்துத் தூக்கி, அவனையே தடியாய்ச் சுழற்றி மற்றவர்களை விளாசினார்! நாலு பேர் விழுந்தார்கள். மற்றவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். அந்நேரம் உள்ளே நுழைந்த ஆசிரியர், முதலில் சீறினாலும், நடந்ததைக் கேட்டபின் சிரித்துவிட்டார், தண்டனையும் கொடுக்கவில்லை.

நம் சினிமாப் படமாயிருந்தால் கதை இங்கே கைதட்டலோடு முடிந்துவிடும். மெய்க்கதை முடியவில்லை. காப்பாற்றப்பட்ட கொமோல்லோ நண்பரைத் தனியே அழைத்து, உன் பலத்தைக் கண்டு எனக்குப் பயமாயிருக்கிறது, தோழர்களை நொறுக்குவதற்கா சர்வேசுரன் உனக்கு இதைக் கொடுத்தார், நமக்குத் தீமை செய்கிறவர்களுக்கு நாம் நன்மை செய்வதல்லவா அவருடைய சித்தம் என்ற கருத்தில் புத்தி சொன்னார். அடிபட்டவரே அடித்தவர்களுக்காகப் பரிந்து பேசியதைக் கேட்டு ஜான் வாயடைத்துப்போனார். பத்து வருஷத்துக்குமுன் கனவில் கேட்ட போதனை இப்பொழுது ஒரு நண்பனின் வாயிலிருந்து வந்தது.

கொமோல்லோ 1839-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி, குருமாணவராயிருக்கையில், 22 வயது நிரம்பச் சில நாட்களே இருக்கும்போது இறந்தார். தொன் போஸ்கோ பல நூல்கள் எழுதினார். 1844-ல் வெளியான அவருடைய முதல் நூல் இந்த நண்பரின் சரித்திரமே.

மூன்றாம் பாகம்: 26 வயது

ஜான் போஸ்கோ 1841-ம் ஆண்டு ஜூன் மாதம் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, அமலோற்பவ மாதா திருநாள். துரின் பட்டணத்து அர்ச். பிரான்சிஸ் அசிசியார் கோயிலில், பூசை செய்ய அவர் திருவுடை அணிந்துகொண்டிருந்தார். பதினாறு வயதுப் பையன் ஒருவன் அங்கே வந்து மூலையில் நின்றான். பூசைக்கு உதவி செய்ய வா என்று கோயிற்பிள்ளை அவனைக் கூப்பிட்டார். எனக்குத் தெரியாதே என்றான் பையன். தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கோயிற்பிள்ளை சினந்து, தூசி தட்டுகிற கம்பை எடுத்து அவன் தலையிலும் முதுகிலும் அடித்து விரட்டினார்.

பழைய ஜானாயிருந்தால் அந்தக் கோயிற்பிள்ளையின் கதி என்னவாகியிருக்குமோ! இப்பொழுது அவர் கையை ஓங்கவில்லை, சும்மா இருக்கவுமில்லை. ஏன் அவனை அடிக்கிறீர் என்று உரக்கக் கேட்டார். உமக்கென்ன என்ற பதில் வந்தது. அவன் எனக்கு வேண்டிய பிள்ளை, உடனே கூப்பிடும் என்றார்.

சற்றுமுன்வரை அந்தப் பையனின் முகத்தைக்கூட அவர் கண்டதில்லை. அவன் பெயர் பர்த்தலோமே கரெல்லி, அஸ்தி ஊரான், கொத்து வேலை செய்கிறவன், தாயும் தகப்பனும் இல்லாதவன். பயந்து நடுங்கி வந்தவனைப் பூசை முடியும்வரை இருக்கச் சொல்லி, பிறகு பக்கத்தில் வைத்து அன்பாய் விசாரித்தார். வாசிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது, பாடத் தெரியாது. சீழ்க்கையடிக்கவாவது தெரியுமா என்று கேட்டதும் பையன் சிரித்துவிட்டான் என்று சொல்லுவார்கள். ஞானோபதேசத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்டபோது, என்னைவிடச் சிறியவர்களெல்லாம் நன்றாய்ச் சொல்லுகிறார்கள், இவ்வளவு பெரியவனாகிய எனக்கு ஒன்றும் தெரியாது, வெட்கமாயிருக்கிறது என்றான். தனியே சொல்லிக்கொடுத்தால் வருவாயா? வருவேன். அடிக்காமல் சொல்லிக்கொடுத்தால்? சந்தோஷமாய் வருவேன். உடனே சிலுவை அடையாளத்திலிருந்து தொடங்கினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கூட்டாளிகளோடு வந்து நின்றான்.

அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து, 1859-ல் சலேசிய சபை உண்டாயிற்று. 1906-ம் ஆண்டு அச்சபைக் குருக்கள் இந்தியாவில் முதன்முதல் வந்து ஊழியம் தொடங்கிய இடம் நம் தஞ்சாவூர். 1934-ல் 11-ம் பத்திநாதர் தொன் போஸ்கோவுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். இத்தனைக்கும் வித்து, அடிபட்ட ஒரு பிள்ளையைப் பார்த்து 'இவன் எனக்கு வேண்டியவன்' என்று ஒரு பெரியவர் சொன்னதே.

படிப்பினை

1. அடிபடுகிற பிள்ளைக்கு: மன்னிப்பது என்றால் மறைப்பது என்று எண்ணாதே. நம் ஆண்டவர் மறுகன்னத்தைக் காட்டச் சொன்னார் என்பது உண்மை. ஆனால் பிரதான குருவின் முன்னிலையில் ஒரு சேவகன் தம்மை அறைந்தபோது அவர் என்ன செய்தார்? அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 18-ம் அதிகாரத்தைப் பார். அவர் திருப்பி அறையவில்லை. தாம் சொன்னதில் தப்பிருந்தால் காட்டும்படியும், இல்லையென்றால் ஏன் அடித்தாய் என்றும் கேட்டார். பழிவாங்குவதுதான் விலக்கப்பட்டது, உண்மையைச் சொல்வது விலக்கப்படவில்லை. ஆகையால் அம்மா, அப்பா, டீச்சர், சாமியார், சிஸ்டர் ஆகியோரில் உனக்கு நம்பிக்கையான ஒருவரிடம் சொல். முதலாமவர் கேளாவிட்டால் இரண்டாமவரிடம் சொல். வீட்டாரிடமே சொல்ல முடியாத நிலையானால், 1098 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். அது பிள்ளைகளுக்கென்றே உள்ள உதவி. சொல்லுவது கோள் மூட்டுவதல்ல.

2. பலமுள்ள பிள்ளைக்கு: உன் பலம் உனக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல. கொமோல்லோ கேட்ட கேள்வியை நீயே உன்னைக் கேட்டுக்கொள். எளியவனைக் காக்க நாலு பேரை அடிக்க வேண்டியதில்லை. அவன் பக்கத்தில் போய் நின்று, அவன் தோளில் கை போட்டு, 'இவன் என் கூட்டாளி' என்று சொன்னால் பெரும்பாலும் போதும். கேலி செய்கிறவனுக்குப் பலம் தருவது சுற்றி நின்று சிரிக்கிற கூட்டமே. நீ சிரிக்காவிட்டால் அக்கூட்டத்தில் ஓர் ஆள் குறையும்.

3. பிறரை நோகச் செய்த பிள்ளைக்கு: வேடிக்கைக்குத்தான் செய்தேன் என்று சொல்லாதே. இருவரும் சிரித்தால் அது வேடிக்கை. ஒருவன் அழுதால் அது பாவம். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதோடு முடிந்தது என்றும் எண்ணாதே. எடுத்த பென்சிலைத் திருப்பிக் கொடுப்பதுபோல, எடுத்த மானத்தையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். எவர் முன்னிலையில் பழித்தாயோ, அவர்கள் முன்னிலையிலேயே அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, விளையாட்டில் சேர்த்துக்கொள்.

4. பெற்றோருக்கு: காரணமில்லாமல் காலையில் வயிற்றுவலி, கிழிந்த புத்தகம், காணாமற்போகும் காசு, பள்ளிக்கூடம் என்றதும் வாடும் முகம் ஆகியவற்றைச் சோம்பேறித்தனமென்று அடித்துத் திருத்த முயலாதீர்கள். பள்ளியில் அடி, வீட்டிலும் அடி என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? 'நீயும் ரெண்டு போடு' என்று ஏவுவதும், 'பொறுத்துப் போ' என்று வாயை அடைப்பதும் இரண்டும் வழியல்ல. உட்கார்த்தி முழுவதும் கேளுங்கள். பின்பு பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள். உங்கள் பிள்ளைதான் மற்றவர்களை வருத்துகிறான் என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்தால், அவர்மேல் பாயாமல் அதையும் கேளுங்கள். வீட்டிலே பெரியவர்கள் வைக்கிற பட்டப்பெயர்களும், பக்கத்து வீட்டாரைப்பற்றிப் பேசுகிற ஏளனமும், சாதியைச் சொல்லிப் பேசுகிற இழிவுமே தெருவிலே பிள்ளைகளின் வாயில் வருகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு தாயின் அடுக்களை

தொன் போஸ்கோ தனி ஆளாய் நின்று இந்த வேலையைச் செய்யவில்லை. 1846-ம் ஆண்டு நவம்பரில், 58 வயதான மார்கரீத்தம்மாள் தம் ஊரையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு, மகனோடு கால்நடையாய்த் துரின் பட்டணத்துக்கு வந்தார்கள். 1847 மே மாதத்தில் ஒரு மழை இரவு, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தெப்பமாய் நனைந்து வாசலில் வந்து நின்றான். அவன் அநாதை, கையில் காசில்லை. அதற்குமுன் இடம் கொடுத்த சிலர் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவம் அவ்வீட்டுக்கு உண்டு. ஆயினும் அந்தத் தாய் அவனை அடுப்பருகே உட்காரவைத்து, உணவு கொடுத்து, செங்கல்லும் பலகையும் அடுக்கி அடுக்களையிலேயே படுக்கை போட்டார்கள். படுக்குமுன் உழைப்பைப்பற்றியும் நேர்மையைப்பற்றியும் நாலு நல்ல வார்த்தை சொன்னார்கள். பாத்திரங்கள் பத்திரமாயிருக்கக் கதவையும் பூட்டிவைத்தார்கள்! இரக்கமும் வேண்டும், புத்தியும் வேண்டும். சலேசிய இல்லங்களில் இரவுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் சிறு புத்திமதி அந்த அடுக்களையில் பிறந்ததே. பத்து ஆண்டு அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் தாயாயிருந்து, 1856-ல் அவர்கள் இறந்தார்கள். 2006-ம் ஆண்டு திருச்சபை அவர்களுடைய உத்தம புண்ணியங்களை அங்கீகரித்தது.

கோயிலில் மகன் சொன்னதைத் தாய் அடுக்களையில் செய்து முடித்தார்கள். ஒரு பிள்ளையை 'நமக்கு வேண்டியவன்' என்று வாயால் சொல்லுவது தொடக்கம். அவனுக்கு ஒரு தட்டு வைப்பதில்தான் அது நிறைவேறும். பிள்ளைகளின் சிநேகம் இரு குடும்பங்களின் சிநேகமாக வளரும்போது, தெருவிலே அந்தப் பிள்ளையைத் தொட எவனும் யோசிப்பான்; அவனுக்குப் பின்னால் இரண்டு வீடுகள் நிற்கின்றன அல்லவா?

குடும்பத்தில் கேட்டுப் பேச

ஜான் கனவில் கேட்ட போதனையை ஏன் பத்து வருஷம் கழித்தும் மறந்துபோனான்? கொமோல்லோவும் தொன் போஸ்கோவும் கொடுமையைக் கண்டபோது என்ன பேசினார்கள்? நம் தெருவில், நம் வகுப்பில், நம் பூசை உதவிச் சிறுவர்களுக்குள்ளே, யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை யார்? அவனுடைய உண்மைப் பெயர் நமக்குத் தெரியுமா?

விடுமுறைக்கான நற்செயல்

ஒவ்வொரு குடும்பமும் விடுமுறை முடியுமுன் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையைப் பெற்றோருடன் வீட்டுக்கு அழைத்து, ஒருவேளைச் சாப்பாடாவது சேர்ந்து சாப்பிடுங்கள். பெரிய விருந்து வேண்டாம். அன்று வீட்டில் பொங்கியதே போதும். தருமம் செய்கிறோம் என்ற எண்ணம் முகத்தில் தெரியவேண்டாம். சின்னஞ்சிறியவருள் ஒருவருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக நம் ஆண்டவர் கணக்கில் வைத்துக்கொள்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும்.

இரவு செபமாலை முடிந்தபின், படுக்கப்போகுமுன், பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, இன்று யாராவது உன் மனம் நோகப் பேசினார்களா, நீ யார் மனமாவது நோகப் பேசினாயா என்று கேளுங்கள். இரண்டையும் ஒரே அன்பான குரலில் கேளுங்கள். அப்பொழுதுதான் இரண்டுக்கும் உண்மையான பதில் வரும்.

சேசு பாலன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு